பழைய கோழிகளோடு புதுக்குஞ்சுகளைச் சேர்ப்பது எப்படி?

இடம்பெயர்ந்த குடும்பத்திற்குக் கோழி சிறிய சொத்து அல்ல. வயலும் மாடும் கைவிட்டுப் போன நிலையிலும் நாலு பேடும் ஒரு சேவலும் இருந்தால் பிள்ளைகளுக்கு முட்டை உண்டு. அவசரத்துக்கு ஒன்றை விற்று மருந்துச் செலவையும் பார்க்கலாம். உதவியாகக் கிடைத்த குஞ்சுகளையோ காசு சேர்த்து வாங்கியவற்றையோ கொண்டுவந்த அன்றே பழைய கோழிகளுக்குள் விட்டால், குஞ்சுகளும் போய்ப் பழையவையும் போகலாம்.

இதற்குக் காரணம் இரண்டு: ஒன்று நோய், மற்றது சண்டை. எது முதலில் இரை எடுப்பது, எது உயரத்தில் உறங்குவது என்பதைக் கோழிகள் கொத்தித்தான் தீர்மானிக்கின்றன. நோர்வே நாட்டு அறிஞர் ஷெல்டெருப்-எப்பே 1920களின் தொடக்கத்தில் இதனை ஆராய்ந்து எழுதினார். புதிய கோழி வந்ததும் அந்த ஒழுங்கு குலைந்து, மீண்டும் கொத்துத் தொடங்குகிறது. ஆகவே படிப்படியாகச் சேர்ப்போம்.

1. தனியே வைத்தல்

புதியவற்றை 3 அல்லது 4 கிழமை வளவின் மறு மூலையில் வையுங்கள். தும்மல், கண்ணீர் வடிதல், வெள்ளை அல்லது இரத்தக் கழிச்சல், சோர்வு உண்டா என்று கவனியுங்கள். தினமும் பழைய கோழிகளுக்கு முதலில் தீன் வைத்து, பிறகு புதியவற்றைப் பாருங்கள். பின்னர் கைகால் கழுவுங்கள். ராணிக்கெற் நோய் வந்தபின் அதைக் குணமாக்க மருந்து இல்லை; தடுப்பு மருந்தே காவல். உங்கள் பகுதிக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் இதுபற்றி விசாரியுங்கள். குடிசைகள் நெருக்கமாக உள்ள இடத்தில் உங்கள் கோழியின் நோய் அயலவரின் கோழிக்கும் நோயே.

2. பார்க்க விடுதல்

அடுத்த ஒரு கிழமையாவது கூட்டுக்கு அருகே கம்பிவலையாலோ மட்டை வரிச்சாலோ மறித்து வையுங்கள். ஒன்றையொன்று பார்க்கட்டும், கொத்த முடியாதிருக்கட்டும்.

3. சேர்த்தல்

குஞ்சுகள் 12 கிழமை தாண்டி, உடலும் ஓரளவு பெருத்தபின் சேருங்கள். ஒன்றைத் தனியே விடாமல் மூன்று நான்காக விடுங்கள். இருட்டியபின் பழையவை உறங்கும் கொப்பில் மெதுவாக ஏற்றிவிடுங்கள். விடியுமுன் எழும்பிக் கூட்டைத் திறந்துவிடுங்கள்; அடைபட்ட இடத்தில்தான் கொத்து அதிகம். தீனும் தண்ணீரும் இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். சின்னவை நுழையவும் பெரியவை நுழையாமலும் ஒரு மறைவிடம் அமைத்துக் கொடுங்கள்.

4. தீன்

முட்டைக்கோழித் தீனில் சுண்ணாம்புச் சத்து அதிகம். அது வளரும் குஞ்சுகளின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். எல்லாவற்றுக்கும் வளரும் கோழித் தீனை வைத்து, முட்டையிடும் பேடுகளுக்கு இடித்த சிப்பியைத் தனிச் சிரட்டையில் வையுங்கள்.

அடைக்கோழி உள்ளவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. அது குஞ்சு பொரிக்கும் நாளில், வாங்கிய ஒருநாள் குஞ்சுகளை இரவில் அதன் சிறகின்கீழ் வைத்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். பிறகு காவல் தாயின் பொறுப்பு.

சேர்த்தபின் சில நாள் சிறு கொத்து இருக்கும். அதற்குள் தலையிட வேண்டாம். இரத்தம் கண்டால் மட்டும் காயப்பட்டதை உடனே பிரித்து, காயம் காய்ந்தபின் விடுங்கள். இரத்தத்தைக் கண்ட கோழிகள் கொத்திக்கொண்டேயிருக்கும். ஒரு பேடு மட்டும் விடாது துரத்தினால் அதையே சில நாள் வேறாக அடையுங்கள். திரும்பி வரும்போது அதன் வீறாப்பு அடங்கியிருக்கும்.