கடிகாரத்துக்குச் செய்கூலி எவ்வளவு?

அப்பாவின் சீகோ ஃபைவ் வாட்ச் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதன் செயின் இடுக்குகளில் பால் காய்ந்து கிடக்கிறது. குண்டூசி முனையால் நெம்பினால் பழுப்பு நூலாக இழுபட்டு வரும். ரப்பர்தான். பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் ஒரு தோட்டத்தில் அப்பா பால்மரம் வெட்டிய காலத்தில் வாளியிலிருந்து தெறித்தது. ஊருக்கு இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர். பால்மரம் நின்ற இடமெல்லாம் செம்பனை.

தங்கை மகன் ஷா ஆலமில் வேலை செய்கிறான். போன மாதம் வீட்டுக்கு வந்தவன், கைத்தொலைபேசியில் ஒரு ரோலெக்ஸ் வாட்சின் படத்தைக் காட்டி, "மாமா, நாப்பதாயிரம் வெள்ளி. மாசாமாசம் கட்டி எடுத்துடலாம்னு பாக்குறேன். தங்கம் மாதிரி, காசு வீணாப் போவாது. நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டான்.

நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து மாதம் 1,700 வெள்ளி. அந்தச் சம்பளம் வாங்கும் ஒருவர் ஒரு காசும் செலவு செய்யாமல் ஏறக்குறைய இரண்டு வருடம் சேர்த்தால் நாற்பதாயிரம் வரும். வேண்டாம் என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் வாட்சுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் விலையைப் பற்றிப் பேசுவது சரியில்லை. அப்பாவின் வாட்ச் நின்றுபோய்ப் பல வருடம் ஆகியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு அவனையும் கூட்டிக்கொண்டு கோல சிலாங்கூர் பழைய பட்டணத்தில் வாட்ச் பழுது பார்க்கும் சீனத் தவுக்கேயிடம் போனேன்.

அவர் பின்மூடியைத் திருகிக் கழற்றினார். முதலில் கண்ணில் பட்டது அரைவட்டமான கனத்த தகடு ஒன்று. நடுவில் மட்டும் பிடிப்பு, மற்றபடி கை அசையும் பக்கமெல்லாம் சுழலும். அது சுழலச் சுழல உள்ளே இருக்கும் பெரிய ஸ்பிரிங் முறுக்கேறும். ஆட்டோமேட்டிக் வாட்ச் என்பது இதுதான். அப்பா தன் நிரையில் மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்து கத்தியை இழுத்தபோதெல்லாம் இந்த வாட்சுக்குச் சாவி ஏறியிருக்கிறது. பால் வெட்டிய கையே கடிகாரத்தையும் ஓட்டியிருக்கிறது.

முறுக்கிய ஸ்பிரிங்கை அப்படியே விட்டால் சில நொடிகளில் சடசடவென்று அவிழ்ந்து தீர்ந்துவிடும். அந்த வேகத்தை நாற்பது மணி நேரத்துக்கு மேல் சிறிது சிறிதாகச் செலவழிக்கச் செய்வதுதான் கடிகாரத்தின் வித்தை முழுவதும். பற்சக்கரங்களின் வரிசை முடிகிற இடத்தில் ஒரு சின்னக் கவை இருக்கிறது. அது வாசலில் நின்று ஒரு தடவைக்கு ஒரு பல்லை மட்டும் விடும். எப்போது விடுவது என்று கவைக்குச் சொல்வது இன்னொரு சக்கரம். தலைமுடியைவிட மெல்லிய சுருள் ஒன்றில் கட்டப்பட்டு, இப்படியும் அப்படியும் ஊஞ்சலாடிக்கொண்டே இருக்கும். இந்தச் சுருளைக் கடிகாரத்துக்குள் கொண்டுவந்தவர் டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ், 1675இல். முந்நூற்றைம்பது வருடமாகியும் அடிப்படை மாறவில்லை.

அப்பாவின் வாட்சில் அந்த ஊஞ்சல் ஒரு நொடிக்கு ஆறு தடவை. மணிக்கு 21,600. ஒரு நாளைக்கு 5,18,400. ஒரு வருடத்துக்கு ஏறக்குறைய 19 கோடி. காதில் வைத்துக் கேட்கிற டிக் டிக் ஓசை, பல் வந்து கல்லில் மோதும் ஓசை.

கல் என்றதும் தங்கை மகன் நிமிர்ந்தான். முகப்பில் 17 என்று போட்டிருக்கிறதே, பதினேழும் மாணிக்கமா என்றான். லயத்திலும் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். பதினேழு கல் வாட்ச் என்றால் உள்ளே ஒரு சின்ன நகையே இருப்பதுபோல. மாணிக்கம் என்பது உண்மை. ஆனால் உலையில் செய்த மாணிக்கம். பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னுயில் 1902இல் வெளியிட்ட முறையால் அது மலிந்துவிட்டது. உலோகத்தின்மேல் உலோகம் உரசினால் தேயும். கல் தேயாது, வழவழப்பாக இருக்கும், எண்ணெய்த் துளியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்காகத்தான் சக்கரங்களின் அச்சு முனைகளுக்குக் கல் குழி. விலைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

சரி, நேரம் எப்படிக் காட்டுகிறது? நல்ல நிலையில் உள்ள சாதாரண ஆட்டோமேட்டிக் ஒரு நாளைக்கு இருபது விநாடி முன்பின் போகும். ஒரு நாளின் 86,400 விநாடியில் இருபது மட்டும் தவறுவது, ஸ்பிரிங்கும் சக்கரமும் மட்டுமே உள்ள பொருளுக்குப் பெரிய சாதனை. சுவிட்சர்லாந்தில் சோதித்துச் சான்றிதழ் பெறும் விலை உயர்ந்த வாட்சுகள் நாளுக்கு நான்கு விநாடி பிந்தலாம், ஆறு விநாடி முந்தலாம். ஆனால் பசார் மாலாமில் முப்பது வெள்ளிக்கு விற்கும் பேட்டரி வாட்ச் மாதத்துக்கே பதினைந்து, இருபது விநாடிதான் தவறும். அதற்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை சீகோ 1969 டிசம்பர் 25 அன்று விற்பனைக்கு விட்டது. அதன்பின் பதினைந்து வருடத்துக்குள் சுவிஸ் கடிகாரத் தொழிலில் சுமார் 90,000 பேர் இருந்த இடத்தில் ஏறக்குறைய 30,000 பேரே மிஞ்சினார்கள்.

ஆகவே நேரம் பார்க்க நாற்பதாயிரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்படியானால் அந்தப் பணம் எதற்கு என்று பார்க்குமுன், அப்பா ஏன் வாட்ச் வாங்கினார் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

தோட்டத்தில் நேரம் ஆபீசின் கையில் இருந்தது. விடியுமுன் மணி அடிக்கும். பெரட்டுக் களத்துக்குப் போய் நிற்க வேண்டும். இருட்டில் எழுப்புவதற்குக் காரணம் மரத்திடமே இருக்கிறது. இரவில் பட்டைக்குள் பால் குழாய்களில் அழுத்தம் ஏறி நிற்கும். வெயில் ஏறி இலைகள் நீரை விடத் தொடங்கியதும் அழுத்தம் இறங்கும், பால் குறையும். அதனால் விடியலுக்கு முன்பே ஓட்டம். ஆனால் மணி எத்தனைக்கு அடித்தது, சரியாகத்தான் அடித்ததா என்று கேட்க யாரிடம் கடிகாரம் இருந்தது? கிராணி கையில் இருந்தது, தொரை பங்களாவில் இருந்தது. பிந்தி வந்தாய் என்று அவர்கள் சொன்னால் பிந்திதான். அன்றைக்குப் பேர் விழாது. அப்பா பல மாதம் சேர்த்து ஒரு வாட்ச் வாங்கியது அழகுக்காக அல்ல. தன் நேரத்தைத் தானே தெரிந்துகொள்ள வாங்கினார். அந்தச் செலவு முழுக்க நியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

அந்த நேரமும் யாரோ தீர்மானித்ததுதான். மலாயாவின் கடிகாரத்தை 1933இல் இருபது நிமிடம் முன்னே தள்ளினார்கள். 1941இல் இன்னும் பத்து நிமிடம். 1942இல் ஜப்பான்காரன் வந்து தோக்கியோ நேரத்தை வைத்தபோது ஒரேயடியாக ஒன்றரை மணி முன்னே போனது. போர் முடிந்ததும் திரும்பி வந்தது. கடைசியாக 1982 பிறந்தபோது தீபகற்பம் முழுவதும் அரை மணி முன்னே வைத்துக்கொண்டது. சூரியனைக் கேட்டால் கோல சிலாங்கூரில் உச்சி வேளை இன்றைய கடிகாரப்படி ஒன்றே கால் மணி வாக்கில்தான். மரம் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. அது சூரியன் நேரத்துக்கே பால் விட்டது.

இனி விலைக்கு வருவோம். நகை வாங்கும்போது நம் வீட்டுப் பெண்கள் எப்படிக் கணக்குப் பார்க்கிறார்கள்? எடை எவ்வளவு, செய்கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று பிரித்துப் பிரித்துக் கேட்பார்கள். கடைக்காரர் தடுமாறினால் எழுந்து வந்துவிடுவார்கள். ஆடம்பர வாட்சுக்கும் இதே கணக்குதான் பொருந்தும். எடைக்கு அங்கே ஒன்றுமில்லை. எஃகு வாட்சைப் பழைய இரும்புக் கடையில் போட்டால் ஒரு ரொட்டி சானாய்க்குக்கூடக் காணாது. மிச்சம் இருப்பவை இரண்டு: செய்கூலி, பெயர்.

செய்கூலி உண்மையானது. சுவிட்சர்லாந்தின் ஜூ பள்ளத்தாக்கில் ஃபிலிப் துஃபூர் என்று ஒரு கைவினைஞர். 2000இல் அவர் வெளியிட்ட சிம்ப்ளிசிட்டி என்ற வாட்சில் இரண்டு முள்ளும் ஒரு சின்ன விநாடி முள்ளும்தான். ஏறக்குறைய 200 மட்டுமே செய்தார். ஒவ்வொரு தகட்டின் விளிம்பையும் சாய்வாகச் செதுக்கி, அந்த மலைகளில் விளையும் ஜென்ஷன் செடியின் காய்ந்த தண்டில் வைரப் பொடிக் களிம்பைத் தடவி, கண்ணாடிபோல மினுங்கும்வரை கையால் தேய்ப்பார்கள். வெளியில் தெரியாத பாகங்களுக்கும் அதே உழைப்பு. நம் ஐம்பொன் சிலைகளின் பின்புறத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் தலைக்குப் பின்னால் சிரசக்கரத்தையும் தோளில் புரளும் சடையையும் சிற்பி இழை இழையாக வார்த்திருப்பார். அத்தகைய கைக்குக் கொடுக்கும் பணத்தை நான் ஒருபோதும் வீண் என்று சொல்ல மாட்டேன்.

பெயர் வேறு. ரோலெக்ஸ் வருடத்துக்குப் பத்து லட்சம் வாட்சுக்கும் மேல் செய்வதாகத் துறையினர் மதிப்பிடுகிறார்கள். உறுதியான, பிசகாத பொருள். ஆழ்கடலில் இறங்குபவர்களுக்காக 1953இல் வந்த சப்மரீனர் உண்மையான வேலைக்கருவி. ஆனால் இத்தனை லட்சத்தை இயந்திரத்தின் துணையோடுதான் செய்ய முடியும். நாற்பதாயிரத்தில் பெரும்பகுதி செய்கூலி அல்ல. பெயருக்கும், கடையில் கிடைக்காமல் காத்திருக்க வைப்பதற்கும் கொடுப்பது. தெரிந்து கொடுத்தால் தவறில்லை. செய்கூலி என்று நம்பிக் கொடுக்கக் கூடாது.

அன்று சாயங்காலம் அவனைக் கம்போங் குவந்தானுக்கு அழைத்துப் போனேன். சிலாங்கூர் ஆற்றில் துடுப்புப் படகு. விளக்கு இல்லை, பேச்சு இல்லை. கரையோர பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள். முதலில் தாறுமாறாகத் தெரிந்தன. கண் பழகிய பிறகு ஒரு மரம் முழுவதும் ஒன்றாக எரிந்தது, ஒன்றாக அணைந்தது, மறுபடி ஒன்றாக எரிந்தது. ஒவ்வொரு ஆண் பூச்சிக்குள்ளும் ஒரு தாளம் இருக்கிறது. பக்கத்துப் பூச்சியின் ஒளியைப் பார்த்து அது தன் தாளத்தைக் கொஞ்சம் சரிசெய்துகொள்கிறது. எல்லாம் அப்படிச் செய்யச் செய்ய மரம் முழுவதும் ஒரே துடிப்பாகிவிடுகிறது.

இதே விந்தையைக் கடிகாரத்தில் முதலில் கண்டவரும் ஹைகன்ஸ்தான். 1665இல் உடல்நலமின்றிப் படுத்திருந்தபோது, ஒரே சட்டத்தில் தொங்கிய இரண்டு ஊசல் கடிகாரங்கள் எப்படிக் கலைத்துவிட்டாலும் சிறிது நேரத்தில் ஒரே தாளத்தில் எதிரெதிர்த் திசையில் ஆடுவதைக் கவனித்தார். சட்டத்தின் நுண்ணிய அசைவு வழியாக ஒன்றோடொன்று இசைந்தன. 2000இல் எஃப்.பி. ஜோர்ன் என்ற கடிகாரக் கலைஞர் இதைக் கைக்கடிகாரத்துக்குள் கொண்டுவந்தார். தனித்தனியே ஓடும் இரண்டு ஊஞ்சல் சக்கரங்கள், ஒன்றின் அதிர்வை ஒன்று வாங்கிக்கொண்டு ஒரே தாளத்தில் துடிக்கும். பல லட்சம் வெள்ளி விலை. வசதி உள்ளவர் ஒருவர், இந்த மின்மினி மரத்தைப் பார்த்து வியந்தவர், அந்த வாட்சுக்குச் செலவழித்தால் அது நியாயமான செலவே.

நியாயமில்லாததும் நம் நாட்டிலேயே உண்டு. 2018இல் முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக்குடன் தொடர்புடையதாகக் கூறப்பட்ட இடங்களில் 423 கைக்கடிகாரங்களைக் கைப்பற்றியதாகவும், அவற்றின் மதிப்பு 7 கோடியே 80 லட்சம் வெள்ளி என்றும் போலீஸ் அறிவித்தது. யார் எதற்கு வாங்கியிருந்தாலும், ஒரு மனிதருக்கு வாட்ச் கட்டும் மணிக்கட்டு ஒன்றுதான். பெட்டிக்குள் ஓடாமல் கிடக்கும் கடிகாரத்தில் எண்ணெய் உலர்ந்துவிடும்.

தங்கத்தைப்போல என்று அவன் சொன்னதற்கும் பதில் உண்டு. சில அடகுக்கடைகள் ரோலெக்ஸை வாங்கிக்கொள்வது உண்மைதான். ஆனால் தங்கத்தை உருக்கினாலும் தங்கம். வாட்சின் விலை வாங்குபவரின் ஆசையில் நிற்கிறது. 2022 தொடக்கத்தில் உச்சத்துக்கு ஏறிய மறுவிற்பனை விலைகள் அந்த வருடமே சரிந்தன. கடன் வாங்கி அந்த உச்சத்தில் எடுத்தவர்கள் இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கலாம்.

திரும்பி வரும்போது அவனிடம் சொன்னேன்: "தவணையில வேணாம்ப்பா. வீட்டுக் கடன் முடிஞ்சு, பிள்ளைங்க படிப்புக்கு எடுத்து வச்சு, அதுக்கு மேலயும் காசு சும்மா கெடந்தா, அப்ப வா. செய்கூலி அதிகமா இருக்கிற வாட்சா பாத்து நானே கூட வந்து வாங்கித் தரேன்." அவன் ஒன்றும் சொல்லவில்லை. தாத்தாவின் வாட்சைக் கேட்டு வாங்கிக் கையில் கட்டிப் பார்த்தான்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் தாத்தாவோ அப்பாவோ தோட்டத்தில் கட்டிய வாட்ச் ஒன்று இருக்கலாம். ஓடுகிறதா என்று பார்க்கச் சாவி கொடுத்து ஆட்டாதீர்கள். எண்ணெய் இல்லாமல் ஓடினால் அச்சு முனைகள் தேய்ந்துவிடும். நல்ல பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்துக் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் விடச் சொல்லுங்கள். சில நூறு வெள்ளிதான் ஆகும். அந்தத் தொழில் தெரிந்தவர்கள் ஒவ்வொரு பட்டணத்திலும் குறைந்துகொண்டே வருகிறார்கள், அதனால் இந்த மாதமே போங்கள்.