எல்லோர் கைக்கும் ஒரு டம்ளர் சோடா

நம்ம பக்கத்துல விசேஷம்னாலே வந்தவங்க கையில் கலர் பாட்டில்தான். 1916-ல் விருதுநகரில் காளிமார்க் பிறந்த மாவட்டமாச்சே! ஆனால், 300 மில்லி இனிப்புக் கலரில் சுமார் 30 கிராம் சர்க்கரை இருக்கும். சர்க்கரை வியாதி உள்ள பெரியவங்க 'வேண்டாம்மா' என்று ஒதுங்கி உட்கார வேண்டியதுதான்.

அதனால், என் நாத்தனார் வளைகாப்புக்கு வெறும் சோடா மட்டும் வாங்கி, வீட்டிலேயே கலந்தோம்.

பிள்ளைகளுக்கு: டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் நன்னாரி சர்பத், அரை எலுமிச்சம்பழச் சாறு.

பெரியவங்களுக்கு: எலுமிச்சைச் சாறு, இஞ்சிச் சாறு, கசக்கிய புதினா, ஒரு சிட்டிகை உப்பு. சர்க்கரை கிடையாது. ரத்தக்கொதிப்பு உள்ளவங்களுக்கு உப்பும் வேண்டாம்.

சோடாவை முன்பே நன்றாகக் குளிர வைக்கணும். சூடேறினால் வாயு சீக்கிரம் போய்விடும். உப்பைச் சாற்றிலேயே கரைத்துவிடணும். சோடாவில் நேராகப் போட்டால் பொங்கி வழியும். கடைசியில், டம்ளரைச் சாய்த்துப் பிடித்து மெதுவாகச் சோடாவை ஊற்றணும். ஸ்பூனால் அடித்துக் கலக்கினால் 'சுர்'ரெல்லாம் போயிடும்.

எங்க மாமியார் இரண்டு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார். விசேஷ வீட்டில் ஒருத்தர் கைகூட வெறுங்கையாக இருக்கக் கூடாது. நீங்களும் செய்து பாருங்களேன், தோழிகளே!

- ஒரு வாசகி, தேவதானம்.