மாற்றும் முன் அளந்து பார்ப்போம்

காலை மணி ஆறரை. பள்ளிக்குப் புறப்படும் நேரம். அப்பா மகிழுந்தின் சாவியைத் திருகுகிறார். 'டிக் டிக்' என்ற ஒலி மட்டும் கேட்கிறது, இயந்திரம் இயங்கவில்லை. "பேட்டரி போய்விட்டது. புதிது வாங்கிப் போடுங்கள்," என்கிறார் அண்டை வீட்டார். அவர் கூறுவது சரியாகவும் இருக்கலாம். ஆனால், புதிய மின்கலமும் ஒரு வாரத்தில் இதேபோல் செயலிழந்தால்? பணம் வீணாகும், சிக்கலும் தீராது. மின்பழுதின் அறிகுறி ஓரிடத்திலும் அதன் காரணம் வேறோரிடத்திலும் இருப்பதுண்டு.

மகிழுந்தின் மின்கலம், இயந்திரத்தை முதலில் சுழற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு ஆற்றல் தருகிறது. இயந்திரம் இயங்கத் தொடங்கியதும் ஆல்டர்னேட்டர் எனும் மின்னாக்கி அம்மின்கலத்தை மீண்டும் நிரப்புகிறது. இக்கால மகிழுந்துகளில் இயந்திரம், பிரேக், கதவு ஆகியவற்றைக் கட்டுப்படுத்தப் பல சிறு கணினிகளும் உள்ளன. மின்னழுத்தம் குறைந்தால் அவையும் தடுமாறும். ஆகவே, தொடர்பில்லாத பல எச்சரிக்கை விளக்குகள் ஒரே நேரத்தில் எரிந்தால், முதலில் மின்கலத்தைச் சோதிப்பதே நன்று.

சோதனையைக் கண்களால் தொடங்கலாம். மின்கலத்தின் இரு முனைகளையும் பற்றியிருக்கும் கவ்விகள் தளர்ந்துள்ளனவா? அவற்றில் வெள்ளை அல்லது பச்சை நிறப் பொடி படிந்துள்ளதா? அப்பொடி மின்சாரம் செல்வதைத் தடுக்கும்.

அடுத்து, மல்டிமீட்டர் எனும் அளவுகருவி தேவை. மகிழுந்தைச் சில மணி நேரம் ஓட்டாமல் வைத்திருந்து அளந்தால், முழுமையாக நிரம்பிய 12 வோல்ட் மின்கலம் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12.2 வோல்ட் என்றால் பாதியளவே மின்னேற்றம் உள்ளது. இயந்திரம் இயங்கும்போது, பெரும்பாலான மகிழுந்துகளில் 13.5 முதல் 14.7 வோல்ட் வரை இருக்கும். அப்போதும் 12 வோல்ட் அளவிலேயே நின்றால், மின்னாக்கியையோ அதன் இணைப்புகளையோ ஐயுற வேண்டும்.

மின்கலம் 12.6 வோல்ட் காட்டியும் இயந்திரம் சுழலவில்லையா? அளவுகருவியின் ஒரு முனையை மின்கல முனையிலும் மற்றொன்றை அதன்மேல் உள்ள கவ்வியிலும் வைத்துக்கொண்டு, வேறொருவரைச் சாவியைத் திருகச் சொல்லலாம். இணைப்பு நன்றாக இருந்தால் அளவு பூச்சியத்தை ஒட்டியிருக்கும். அது ஒரு வோல்ட்டை நெருங்கினால், குறை மின்கலத்தில் இல்லை; கவ்வியில்தான் உள்ளது. கவ்வியைக் கழற்றித் தூய்மை செய்து இறுக்கினாலே போதும்.

சில மகிழுந்துகள் இரவில் நிறுத்தும்போது நன்றாக இருக்கும், காலையில் இயங்கா. பொருட்பெட்டி விளக்கு அணையாமல் இருப்பதோ, பின்னர்ப் பொருத்திய கேமரா தொடர்ந்து மின்சாரத்தை உறிஞ்சுவதோ இதற்குக் காரணமாகலாம். 45 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள மின்கலத்திலிருந்து ஓயாமல் ஓர் ஆம்பியர் வெளியேறினால், கணக்குப்படி 45 மணி நேரத்தில் அது வெறுமையாகிவிடும். இந்நிலையில் எத்தனை புதிய மின்கலங்களை மாற்றினாலும் பயனில்லை.

ஒரு விளக்கோ ஒலிப்பானோ மட்டும் இயங்கவில்லையெனில், ஃபியூஸ் எனப்படும் உருகியைப் பார்க்க வேண்டும். சிவப்பு உருகி 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. எரிந்த உருகிக்குப் பதிலாக அதே அளவுள்ளதையே பொருத்த வேண்டும். பெரிய உருகியைப் பொருத்தினால் கம்பி சூடேறித் தீப்பற்றக்கூடும். புதிய உருகியும் உடனே எரிந்தால், அந்த மின்சுற்றில் எங்கோ பழுதுள்ளது என்று பொருள்.

ஓட்டுநரின் கால்பகுதிக்கு மேலுள்ள செருகியில் குறியீட்டு வாசிப்பானைப் பொருத்தினால், மகிழுந்தின் கணினி பதிவுசெய்த பழுதுக் குறியீடுகளைக் காணலாம். எடுத்துக்காட்டாக, 'பி0562' என்பது மின்னழுத்தம் குறைந்துள்ளதைக் குறிக்கும். ஆயினும், எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று அது கூறுவதில்லை. தேட வேண்டிய திசையை மட்டுமே காட்டுகிறது.

இச்சோதனைகளைப் பெரியவர் ஒருவரின் துணையோடு மட்டுமே செய்ய வேண்டும். மின்கலத்தைக் கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்றி, இறுதியில் பொருத்த வேண்டும். மின்கலத்தின் அருகே தீப்பொறி கூடாது. கலப்பின, மின்சார மகிழுந்துகளில் காணப்படும் ஆரஞ்சு நிறக் கம்பிகள் உயர் மின்னழுத்தம் கொண்டவை. அவற்றைத் தொடவே கூடாது. காற்றுப்பையின் இணைப்புகளையும் பயிற்சி பெற்றவரிடமே விட்டுவிட வேண்டும்.

நோய்க்கு மருந்திடும் முன் அதன் காரணத்தை ஆராய வேண்டும் என்பார் வள்ளுவர். மகிழுந்துக்கும் அது பொருந்தும். அளந்து பார்க்கச் சில நிமிடங்களே ஆகும். பழுதை நம்மால் நீக்க முடியாமற்போனாலும், அளந்த எண்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டு பட்டறைக்குச் சென்றால், பழுதுபார்ப்பவரின் தேடலும் எளிதாகும். தேவையற்ற செலவும் குறையும்.