செய்தியிலிருந்து வினா பிறப்பது எவ்வாறு?
இந்தியக் குடிமைப்பணிப் பரீட்சையின் நடப்பு விவகார வினாக்கள் – விளக்கமும் பயிற்சியும்

1. அறிமுகம்

மாணவர்களே, பொது அறிவுப் போட்டிகளுக்கு ஆயத்தமாகும்போது நம்மில் பலர் செய்திகளை மனனஞ் செய்கிறோம். எந்த நாட்டில் மாநாடு நடந்தது, யார் தலைவராகத் தெரிவானார், எத்திகதியில் விண்கலம் ஏவப்பட்டது என்பன கொப்பியில் நிரம்புகின்றன. ஆனால் உயர்தரமான போட்டிப் பரீட்சைகள் இவற்றை மட்டும் கேட்பதில்லை. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு இந்தியாவின் குடிமைப்பணிப் பரீட்சை ஆகும். அதன் நடப்பு விவகார வினாக்கள் எவ்வாறு ஆக்கப்படுகின்றன, அவற்றிற்கு எவ்வாறு விடை காண்பது என்பதை இப்பகுதி விளக்குகின்றது. க.பொ.த. சாதாரண தரத்தில் நீங்கள் கற்கும் பாடங்களே அவ்வினாக்களுக்கு அடித்தளம் என்பதையும் இங்கு காணலாம்.

2. பரீட்சையின் அமைப்பு

இப்பரீட்சையை நடத்துவது மத்திய அரசின் பொதுச்சேவை ஆணைக்குழுவாகும். இந்திய அரசியலமைப்பின் 315ஆம் உறுப்புரை இவ்வாணைக்குழுவுக்கு இடமளிக்கின்றது. இந்திய ஆட்சிப்பணி, இந்தியப் பொலிஸ் பணி, இந்திய வெளியுறவுப் பணி முதலியவற்றிற்கு இதன்மூலம் ஆட்கள் தெரிவுசெய்யப்படுகின்றனர். இலங்கை நிருவாக சேவைக்கான போட்டிப் பரீட்சையுடன் இதனை ஒப்பிடலாம். பட்டதாரிகளே இதற்குத் தோற்றலாம்.

பரீட்சை மூன்று படிகளைக் கொண்டது.

(அ) முதனிலைப் பரீட்சை: இரண்டு பல்தேர்வு வினாத்தாள்கள். பொது அறிவு தொடர்பான முதலாம் வினாத்தாளில் 100 வினாக்கள், 200 புள்ளிகள், நேரம் 2 மணித்தியாலம். இரண்டாம் வினாத்தாளில் 33 வீதம் பெற்றாற் போதுமானது. வினாக்கள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அமையும்.
(ஆ) பிரதான பரீட்சை: ஒன்பது எழுத்து வினாத்தாள்கள். பெரும்பாலானவற்றிற்குத் தமிழிலும் விடை எழுத இடமுண்டு.
(இ) ஆளுமைத் தேர்வு: 275 புள்ளிகளுக்குரிய நேர்முகம்.

முதலாம் வினாத்தாளின் பாடத்திட்டத்தில் முதலாவதாகக் குறிப்பிடப்படுவதே தேசிய, சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த நடப்பு நிகழ்வுகள் என்பதாகும்.

3. செய்தி வேறு, வினா வேறு

ஒரு செய்தியை இரு படைகளாகப் பிரித்து நோக்கலாம். மேற்படை நிகழ்வு ஆகும். அது சில மாதங்களில் பழையதாகிவிடும். கீழ்ப்படை அந்நிகழ்வின் பின்னாலுள்ள சட்டம், நிறுவனம், புவியியல், விஞ்ஞானம் ஆகியனவாகும். அது பல ஆண்டுகள் நிலைத்திருக்கும். குடிமைப்பணி வினா பெரும்பாலும் மேற்படையைத் தொட்டு, கீழ்ப்படையை வினவும். இதனாலேயே அப்பரீட்சைக்கு ஆயத்தமாவோர் பலர் தினப்பத்திரிகையுடன், 6 முதல் 12ஆம் வகுப்பு வரையான பாடசாலைப் பாடநூல்களையும் மீண்டும் படிக்கின்றனர்.

4. மாதிரி வினாக்கள்

கீழுள்ள வினாக்கள் அப்பரீட்சையின் அமைப்பைப் பின்பற்றி ஆக்கப்பட்டவை. விடையைப் பார்க்குமுன் நீங்களே முயன்று பார்க்குக.

வினா 1. 2023 ஓகஸ்ட் 23 இல் சந்திரனில் இறங்கிய இந்தியாவின் சந்திரயான் 3 தொடர்பான கூற்றுகள்:
1. இறுதிக் கட்டத்தில் வேகத்தைக் குறைக்கப் பரசூட் பயன்படுத்தப்பட்டது.
2. அதன் தரையிறங்கு கலம் ஏறக்குறைய 14 புவி நாட்கள் செயற்படத் திட்டமிடப்பட்டது.
3. சந்திரனில் கலமொன்றை மென்மையாகத் தரையிறக்கிய நான்காவது நாடாக இந்தியா ஆனது.
இவற்றுள் சரியானவை:
(அ) 1, 2 மட்டும் (ஆ) 2, 3 மட்டும் (இ) 1, 3 மட்டும் (ஈ) யாவும்

விடை: (ஆ)

விளக்கம்: பரசூட் விரிந்து வேகத்தைக் குறைப்பதற்கு வளியின் தடை தேவை. சந்திரனில் வளிமண்டலம் இல்லை எனக் கூறத்தக்க நிலையே உள்ளது. எனவே கீழ்நோக்கி வாயுவை வெளியேற்றும் எஞ்சின்களாலேயே வேகம் குறைக்கப்பட்டது. கலம் சூரியசக்தியில் இயங்கியது. சந்திரனில் ஒரு பகல் ஏறக்குறைய 14 புவி நாட்கள் நீடிக்கும். ஆகவே அதன் செயற்காலமும் அவ்வளவாகத் திட்டமிடப்பட்டது. இந்தியாவுக்கு முன்னர் சோவியத் ஒன்றியம், ஐக்கிய அமெரிக்கா, சீனா ஆகியன இதனைச் சாதித்திருந்தன. செய்தியை வாசிக்காத மாணவரும் விஞ்ஞான அறிவைக் கொண்டு முதலாம் கூற்றை நீக்கலாம். அதை நீக்கியதும் (அ), (இ), (ஈ) ஆகிய மூன்று தெரிவுகளும் விலகி, விடை தானே எஞ்சுகின்றது.

வினா 2. ராம்சார் சமவாயம் தொடர்பான கூற்றுகள்:
1. ராம்சார் என்பது ஈரானிலுள்ள ஒரு நகரின் பெயராகும்.
2. இயற்கையாக அமைந்த நன்னீர் நிலைகளை மட்டுமே இதன்கீழ் பட்டியலிடலாம்.
3. மொன்றோ பதிவேடு என்பது, சூழலியல் தன்மை மாறிய அல்லது மாறக்கூடிய ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலாகும்.
இவற்றுள் எத்தனை சரியானவை?
(அ) ஒன்று மட்டும் (ஆ) இரண்டு மட்டும் (இ) மூன்றும் (ஈ) எதுவுமில்லை

விடை: (ஆ)

விளக்கம்: சமவாயம் 1971 இல் ராம்சார் நகரில் கைச்சாத்திடப்பட்டது. இந்தியாவில் புதிய ஈரநிலங்கள் பட்டியலில் சேர்க்கப்படும்போதெல்லாம் இது செய்தியாகின்றது. ஆனால் எத்தனை இடங்கள் என்ற எண்ணிக்கை மாறிக்கொண்டே இருக்கும், வரைவிலக்கணம் மாறாது. சதுப்பு நிலம், களப்பு, ஆழங்குறைந்த கடற்பகுதி, மனிதர் அமைத்த குளம் யாவும் ஈரநிலத்தில் அடங்கும். புத்தளம் மாவட்டத்தின் ஆனைவிழுந்தாவ ராம்சார் தலம் பழைய நீர்ப்பாசனக் குளங்களையே கொண்டது என்பதை நினைத்துப் பார்த்தால் இரண்டாம் கூற்று பிழை என்பது தெளிவாகும். மன்னாரின் வங்காலை சரணாலயமும் (2010), தமிழ்நாட்டின் கோடியக்கரையும் (2002) ராம்சார் தலங்களாகும். இவ்விரண்டும் வலசைப் பறவைகளுக்குப் புகலிடம் அளிக்கின்றன. மொன்றோ பதிவேட்டில் இந்தியாவின் கேவலதேவ் தேசிய பூங்கா இடம்பெற்றது.

"எத்தனை சரியானவை" என்னும் இவ்வகை வினா 2023ஆம் ஆண்டு வினாத்தாளில் பெருமளவில் இடம்பெற்றது. முதலாம் வினாவிற் போல ஒரு கூற்றை மட்டும் அறிந்து விடையைப் பிடிக்க இதில் முடியாது. ஒவ்வொரு கூற்றையும் உறுதியாக அறிந்திருத்தல் வேண்டும்.

வினா 3. 2023 இல் நிறைவேற்றப்பட்ட இந்திய அரசியலமைப்பின் 106ஆவது திருத்தம் தொடர்பான கூற்றுகள்:
1. மக்களவையிலும் மாநிலச் சட்டசபைகளிலும் மூன்றிலொரு பங்கு ஆசனங்களைப் பெண்களுக்கு ஒதுக்க இது ஏற்பாடு செய்தது.
2. மாநிலங்களவைக்கும் இவ்வொதுக்கீடு உரியதாக்கப்பட்டது.
சரியானது / சரியானவை:
(அ) 1 மட்டும் (ஆ) 2 மட்டும் (இ) 1உம் 2உம் (ஈ) இரண்டும் பிழை

விடை: (அ)

விளக்கம்: மக்களவை உறுப்பினர்கள் தொகுதிகளிலிருந்து மக்களால் நேரடியாகத் தெரிவாகின்றனர். மாநிலங்களவையின் பெரும்பாலான உறுப்பினர்களோ மாநிலச் சட்டசபை உறுப்பினர்களால் மறைமுகமாகத் தெரிவாகின்றனர். அதற்கு மக்கள் வாக்களிக்கும் தொகுதிகள் இல்லை. நிறைவேற்றப்பட்ட வடிவில் இத்திருத்தம், குடித்தொகைக் கணக்கெடுப்பையும் தொகுதி எல்லை மீள்நிர்ணயத்தையும் அடுத்தே ஒதுக்கீடு நடைமுறைக்கு வரும் எனக் கூறியது. எனவே "சட்டம் நிறைவேறியது" என்பதும் "சட்டம் நடைமுறைக்கு வந்தது" என்பதும் வெவ்வேறு என்பதை மனங்கொள்க. இலங்கையில் உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தால் கொண்டுவரப்பட்டு, 2018ஆம் ஆண்டுத் தேர்தலிலேயே முதன்முதலாகச் செயற்பட்டது.

வினா 4. கூற்று: பணவீக்கம் உயரும்போது மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதத்தை உயர்த்துவதுண்டு.
காரணம்: கடன் பெறும் செலவு உயரும்போது பொருட்களுக்கும் சேவைகளுக்குமான கேள்வி குறையும்.
(அ) இரண்டும் சரி, காரணம் கூற்றை விளக்குகின்றது (ஆ) இரண்டும் சரி, ஆனால் காரணம் கூற்றை விளக்கவில்லை (இ) கூற்று மட்டும் சரி (ஈ) காரணம் மட்டும் சரி

விடை: (அ)

விளக்கம்: இந்திய ரிசர்வ் வங்கி வர்த்தக வங்கிகளுக்குக் குறுங்காலக் கடன் வழங்கும் வீதம் ரெப்போ வீதம் எனப்படும். 2022 மே முதல் 2023 பெப்ரவரி வரை இது 4 வீதத்திலிருந்து 6.5 வீதமாக உயர்த்தப்பட்டது. இலங்கை மத்திய வங்கியும் 2022 ஏப்ரலில் தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 வீதப் புள்ளிகளால் உயர்த்தியது. நாடுகள் வேறானாலும் பொருளியல் தத்துவம் ஒன்றே. இவ்வகை வினாவில் இரு வாக்கியங்களும் சரியா எனப் பார்த்தபின், இடையே "ஏனெனில்" என்ற சொல்லை இட்டு வாசித்துப் பார்க்குக. பொருள் பொருந்தினால் விடை (அ) ஆகும்.

5. ஊகித்து விடையளிக்கலாமா?

முதலாம் வினாத்தாளில் சரியான விடைக்கு 2 புள்ளி கிடைக்கும். பிழையான விடைக்கு அதன் மூன்றிலொரு பங்கு, அதாவது ஏறக்குறைய 0.67 புள்ளி கழிக்கப்படும். விடையளிக்காது விட்டால் கழிப்பில்லை. நீங்கள் கற்ற நிகழ்தகவைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

• நான்கு தெரிவுகளில் ஒன்றையும் நீக்க முடியாவிடின்: (1/4 × 2) – (3/4 × 2/3) = 0. சராசரியாக இலாபமுமில்லை, நட்டமுமில்லை.
• ஒன்றை நீக்க முடிந்தால்: (1/3 × 2) – (2/3 × 2/3) = 2/9. சிறிய இலாபம்.
• இரண்டை நீக்க முடிந்தால்: (1/2 × 2) – (1/2 × 2/3) = 2/3. கூடிய இலாபம்.

ஆகவே புள்ளியைத் தருவது அதிர்ஷ்டம் அன்று, பிழையான தெரிவை நீக்கும் அறிவே. அரைகுறையாக அறிந்த செய்தி இங்கு ஆபத்தானது. "எங்கோ வாசித்த ஞாபகம்" என்று தெரிவு செய்பவர், ஏற்கெனவே பெற்ற புள்ளியையும் இழக்க நேரிடும். நூற்றுக்கணக்கான இடங்களுக்குப் பல இலட்சம் பேர் விண்ணப்பிக்கும் பரீட்சையில் அவ்விழப்பு ஓராண்டு உழைப்பையே வீணாக்கலாம்.

கவனிக்க: சாதாரண தரப் பரீட்சையின் பல்தேர்வு வினாக்களில் பிழையான விடைக்குப் புள்ளி கழிக்கப்படுவதில்லை. எனவே அங்கு எவ்வினாவையும் விடையளிக்காது விடலாகாது.

6. நீங்கள் செய்யவேண்டியது

ஒரு கொப்பியை எடுத்து, பக்கத்தை நான்கு நிரல்களாகப் பிரிக்குக. வாரத்துக்கு மூன்று செய்திகள் போதும்.

(1) நிகழ்வு – ஒரே வாக்கியத்தில்.
(2) நிறுவனம் அல்லது சட்டம் – யாருடைய அதிகாரத்தின்கீழ் நடந்தது?
(3) பாடநூல் – எப்பாடத்தின் எந்த அலகுடன் தொடர்புடையது?
(4) பிழையான கூற்று – இச்செய்தி பற்றி, உண்மை போலத் தோன்றும் பிழையான வாக்கியம் ஒன்றை நீங்களே ஆக்குக.

நான்காம் நிரலே மிகவும் பயனுடையது. பிழையான கூற்றை ஆக்க முயலும்போது எங்கே தடுமாறுவோம் என்பது விளங்கும். நண்பர்கள் கொப்பிகளை மாற்றிக்கொண்டு பயிற்சி செய்தால், செலவின்றி ஒரு வினா வங்கியே உருவாகிவிடும்.

7. பயிற்சி வினாக்கள்

1. ஜி20 தொடர்பாகப் பின்வருவனவற்றுள் பிழையானது எது?
(அ) 1999 இல் நிதியமைச்சர்கள் மட்டத்தில் ஆரம்பமானது (ஆ) 2008 இல் தலைவர்கள் மட்ட உச்சிமாநாடு முதன்முதலாக நடைபெற்றது (இ) 2023 புதுடில்லி மாநாட்டில் ஆபிரிக்க ஒன்றியம் உறுப்புரிமை பெற்றது (ஈ) உறுப்புரிமை தனி நாடுகளுக்கு மட்டுமே உரியது

2. புவிசார் குறியீடு வழங்கப்படுவது எதற்கு?
(அ) தனிநபரின் புதிய கண்டுபிடிப்பிற்கு (ஆ) ஓரிடத்துடன் இணைந்த தரமோ நற்பெயரோ உடைய பொருளுக்கு (இ) நூலாசிரியரின் படைப்பிற்கு (ஈ) கம்பனியின் இலச்சினைக்கு

3. இந்திய மத்திய பொதுச்சேவை ஆணைக்குழுவின் உறுப்பினர்களை நியமிப்பவர் யார்?
(அ) பிரதமர் (ஆ) பிரதம நீதியரசர் (இ) சனாதிபதி (ஈ) மக்களவைச் சபாநாயகர்

விடைகள்: 1 – (ஈ). ஐரோப்பிய ஒன்றியமும் ஆபிரிக்க ஒன்றியமும் நாடுகளல்ல, நாடுகளின் ஒன்றியங்களாகும். 2 – (ஆ). இந்தியாவில் டார்ஜிலிங் தேயிலை முதலாவதாக இதனைப் பெற்றது. இலங்கைக் கறுவா 2022 இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இப்பாதுகாப்பைப் பெற்றது. 3 – (இ).

நினைவிற் கொள்க: நிகழ்வை வாசிக்குக, அதன் அடித்தளத்தைப் படிக்குக. இன்று உங்கள் கையிலுள்ள வரலாறு, புவியியல், குடியியல், விஞ்ஞானப் பாடநூல்களே நாளை நீங்கள் எழுதவிருக்கும் போட்டிப் பரீட்சையின் முதலாவது வழிகாட்டியாகும்.