சந்தையில் புதுக் குரல்கள் – 9
எரிந்த காரும் உருகாத ஐஸும்

2023 நவம்பரில் அமெரிக்கப் பெண் ஒருவர் டிக்டாக்கில் ஒரு வீடியோ போட்டார். முந்தைய நாள் தீப்பிடித்த தன் காரின் உட்புறத்தை அதில் காட்டுகிறார். உள்ளே எல்லாம் கருகிக் கிடக்கிறது. டம்ளர் வைக்கும் இடத்தில் மட்டும் ஒரு ஸ்டான்லி டம்ளர் நிமிர்ந்து நிற்கிறது. எடுத்து ஆட்டிப் பார்த்தால், உள்ளே ஐஸ்கட்டி மோதும் சத்தம்!

சில விநாடிகள்தான். கோடிக்கணக்கானோர் பார்த்துவிட்டார்கள். அடுத்த சில நாட்களில் ஸ்டான்லியின் தலைவர் டெரன்ஸ் ரெய்லி, அதே டிக்டாக்கில், கேமரா முன்னால் நின்று பதில் சொன்னார். அந்தப் பெண் பத்திரமாக இருப்பதில் மகிழ்ச்சி என்றார். புது டம்ளர்கள் அனுப்புவதாகச் சொன்னார். எரிந்த காருக்குப் பதிலாக வேறு காரும் வாங்கித் தருவதாக அறிவித்தார். நிறுவனம் அதற்கு முன் யாருக்கும் கார் கொடுத்ததில்லை.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் காரோடு நிறுத்திவிடுகிறார்கள். ஸ்டான்லியின் தலையெழுத்து மாறியது அதற்கும் நான்கு வருடம் முன்பு.

வில்லியம் ஸ்டான்லி 1913-ல் உருவாக்கிய எஃகு ஃபிளாஸ்க்கில் தொடங்கிய பிராண்ட் அது. பச்சை நிறம், முரட்டுத் தோற்றம். கட்டுமானத் தொழிலாளர்களும் வேட்டைக்கும் முகாமுக்கும் போகிறவர்களும் வாங்குவார்கள். 2016-ல் கைப்பிடி வைத்த, ஏறக்குறைய 1.2 லிட்டர் கொள்ளளவுள்ள ‘குவென்ச்சர்’ டம்ளரைக் கொண்டுவந்தார்கள். விற்பனை மந்தம். 2019 வாக்கில் அதை ஓரங்கட்டவே முடிவு செய்தார்கள்.

அதைக் காப்பாற்றியவர்கள் மூன்று பெண்கள். ‘தி பை கைடு’ என்ற பெயரில், தங்களுக்குப் பிடித்த பொருட்களை மற்ற பெண்களுக்குப் பரிந்துரைத்து வந்தவர்கள். இந்த டம்ளரை அவர்களே வாங்கி, பயன்படுத்தி, மெச்சி எழுதியிருந்தார்கள். உற்பத்தி நிற்கப்போகிறது என்று தெரிந்ததும் நிறுவனத்திடம் பேசினார்கள். கடைசியில், தங்கள் பணத்தைப் போட்டு 5,000 டம்ளர்களை மொத்த விலைக்கு வாங்கி, தங்களைப் பின்தொடர்பவர்களிடம் விற்றார்கள். சில நாட்களிலேயே அத்தனையும் தீர்ந்தது. பெண்கள் வாங்குவார்கள், புதுப்புது நிறங்கள் வேண்டும் என்று அவர்கள் வாதாடியது பலித்தது. 2020-ல் பொறுப்பேற்ற ரெய்லி அந்த வழியிலேயே நடந்தார். 2019-ல் சுமார் 7.3 கோடி டாலராக இருந்த ஆண்டு வருவாய், 2023-ல் 75 கோடி டாலரைத் தொடும் என்று மதிப்பிடப்பட்டது.

ஒரு நிறுவனம் தன் பொருளைப் புகழ்ந்தால் நாம் காது கொடுப்பதில்லை. விற்கிறவர் அப்படித்தான் பேசுவார். காசு கொடுத்து வாங்கிய ஒருவர் வலியப் போய்ச் சொன்னால் நின்று கேட்கிறோம். அப்போது ஹார்வர்டில் பேராசிரியராக இருந்த மைக்கேல் லூகா, சியாட்டில் உணவகங்களுக்கு யெல்ப் தளத்தில் வாடிக்கையாளர்கள் தந்த மதிப்பெண்களை ஆராய்ந்து 2011-ல் ஒரு முடிவு சொன்னார். ஒரு நட்சத்திரம் கூடினால் வருவாய் 5 முதல் 9 சதவீதம் வரை கூடுகிறது. இந்தப் பலன் தனி உணவகங்களுக்குத்தான். ஊரெல்லாம் கிளை வைத்திருக்கும் பெரிய பெயர்களிடம் அது தெரியவில்லை. பெயர் தெரியாத கடைக்கு முன்பின் தெரியாத மனிதர் சொல்லும் சொல்லே முதலீடாகிறது.

வாடிக்கையாளரின் இந்த உழைப்புக்குக் கூலி உண்டா? 2018-ல் கோப்ரோ தன் புதிய கேமராவுக்கான விளம்பரப் படத்தை வாடிக்கையாளர்கள் எடுத்த காட்சிகளைக் கொண்டே தொகுத்தது. 25,000-க்கும் அதிகமான துணுக்குகள் வந்து குவிந்தன. தேர்வான 56 பேருக்கு 10 லட்சம் டாலரைச் சமமாகப் பங்கிட்டுக் கொடுத்தது. வாடிக்கையாளரின் படத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டுக்கொள்ளும் எல்லா நிறுவனங்களும் இந்த நேர்மையைப் பழக வேண்டும்.

புகழும் வாய் கேள்வியும் கேட்கும். 2024 ஜனவரியில் அதே ஸ்டான்லி டம்ளரில் ஈயம் இருக்கிறதா என்று வீட்டிலேயே பரிசோதனைப் பெட்டி வைத்துச் சோதிக்கும் வீடியோக்கள் வரத் தொடங்கின. அடிப்பகுதியை அடைக்கும் பொருளில் ஈயம் உண்டு, அதன்மேல் எஃகுத் தகடு மூடியிருப்பதால் பயன்படுத்துபவர் மேல் படாது என்று நிறுவனம் விளக்கியது. ஆனாலும், இதை முன்பே சொல்லவில்லையே என்று வழக்குகள் தொடரப்பட்டன.

நம் நாட்டில் இதைவிடச் சூடான அனுபவம் போர்ன்விட்டாவுக்கு. 2023 ஏப்ரல் 1 அன்று சமூக ஊடகப் பதிவர் ரேவந்த் ஹிமத்சிங்கா, அந்த டப்பாவின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் சர்க்கரை அளவைக் கேள்வி கேட்டு ஒரு வீடியோ வெளியிட்டார். சுமார் 1.2 கோடிப் பார்வைகள். நிறுவனம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. அவர் மன்னிப்புக் கேட்டு வீடியோவை நீக்கினார். அதற்குள் அது வாட்ஸ்அப் குடும்பக் குழுக்களில் கைமாறிக்கொண்டிருந்தது. நோட்டீஸ் விஷயம் வெளியே வந்ததும், அதுவரை பார்க்காதவர்களும் தேடிப் பார்த்தார்கள். தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் நிறுவனத்திடம் விளக்கம் கேட்டது. ஆண்டு இறுதியில், 100 கிராமில் 37.4 கிராமாக இருந்த சேர்க்கப்பட்ட சர்க்கரை 32.2 கிராமாகக் குறைந்தது. 2024 ஏப்ரலில், போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை ‘ஆரோக்கிய பானம்’ என்ற பிரிவிலிருந்து நீக்கும்படி ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கு மத்திய அரசு அறிவுறுத்தியது.

பிள்ளைக்குப் பாலில் கலந்து கொடுப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்கும் உரிமை எந்தத் தாய்க்கும் உண்டு. அந்தக் கேள்விக்கு வக்கீலை அனுப்பியது தவறு. ரெய்லியைப் போல நிறுவனத் தலைவரே கேமரா முன் வந்து, சர்க்கரை ஏன் இவ்வளவு, எப்போது குறைப்போம் என்று முதல் வாரத்திலேயே பேசியிருக்கலாம்.

வாடிக்கையாளரின் வாய்ச்சொல்லுக்கு இவ்வளவு மதிப்பு என்றால், அதைப் போலியாகத் தயாரிக்கவும் ஆட்கள் வருவார்கள், வந்துவிட்டார்கள். காசுக்கு எழுதப்படும் விமர்சனங்களைத் தடுக்க இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022-ல் ‘ஐஎஸ் 19000’ என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. 2024-ல் அமெரிக்கா போலி விமர்சனங்களுக்குத் தடை விதித்தது. ஐந்து நட்சத்திரம் எங்கே, எப்படி விற்பனையாகிறது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)