ஆங்கிலச் சொற்றொடர் வினைகளும் தமிழ் மாணாக்கரும்

ஆங்கிலம் கற்கும் தமிழ் மாணாக்கருக்கு இடர் தருவன நீண்ட, அரிய சொற்களே என்று பலரும் எண்ணுவர். உண்மை அதுவன்று. நீண்ட சொல்லுக்கு அகராதியில் ஓர் இடம் உண்டு. தேடினால் பொருள் கிடைத்துவிடும். சிறு பிள்ளையும் அறிந்த இரண்டு எளிய சொற்கள் ஒன்று சேர்ந்து, இரண்டிலும் இல்லாத மூன்றாவது பொருளைத் தரும்போதுதான் மாணாக்கர் திகைக்கின்றனர். 'கிவ்' என்றால் கொடு. 'அப்' என்றால் மேலே. அங்ஙனமாயின் 'கிவ் அப்' என்பது மேலே கொடு என்றாகுமா? ஆகாது. கைவிடு என்பதே அதன் பொருள். 'கிவ் இன்' என்றால் பணிந்து போ. 'கிவ் அவே' என்றால் இலவசமாக வழங்கு. இடம் நோக்கிக் காட்டிக்கொடு என்றும் பொருள்படும். வினை ஒன்றே, அதன் பின்னால் நிற்கும் சிறு சொல்லே பொருளை மாற்றிவிடுகிறது.

இத்தகைய சேர்க்கையை ஆங்கில இலக்கணத்தார் 'ஃபிரேசல் வெர்ப்' என்பர். தமிழில் சொற்றொடர் வினை எனலாம். வினையோடு சேரும் 'அப்', 'ஆஃப்', 'இன்', 'அவுட்' முதலியன நம் இலக்கணம் கூறும் இடைச்சொல்லை ஓரளவு ஒத்தவை. இடைச்சொல் தனித்து இயங்காது, பெயரையும் வினையையும் சார்ந்தே இயங்கும் என்பது தொல்காப்பியத்தின் கருத்தன்றோ?

அறிஞர் கண்ட இடர்

இந்த இடர் தமிழருக்கு மட்டும் உரியதன்று. 1755ஆம் ஆண்டில் தம் பேரகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அதன் முன்னுரையிலேயே இவ்வினைகளைப் பற்றி எழுதினார். பிறநாட்டார்க்கு மிகுந்த தொல்லை தருவன இவையே என்று கண்டு, இவற்றைத் தொகுப்பதில் தனிக் கவனம் செலுத்தினார். 1925இல் வெளிவந்த தம் நூலில் லோகன் பியர்சால் ஸ்மித் என்பார் 'ஃபிரேசல் வெர்ப்' என்னும் பெயரை எடுத்தாண்டார். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் பதிப்பாசிரியருள் ஒருவரான ஹென்றி பிராட்லியே அப்பெயரைத் தமக்குத் தந்தவர் என்றும் அவர் குறித்துள்ளார்.

ஆங்கிலத்தில் இவ்வினைகள் இத்துணைப் பெருகியதற்கு வரலாற்றுக் காரணம் ஒன்று உண்டு. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர், அரசு, வழக்குமன்றம், கல்வி ஆகிய துறைகளில் பிரெஞ்சுச் சொற்கள் புகுந்தன. பின்னர் இலத்தீனச் சொற்களும் வந்து குவிந்தன. வீட்டிலும் வயலிலும் பழைய சொற்களே வாழ்ந்தன. ஆகவே ஒரே கருத்துக்கு இருவகைச் சொற்கள் அமைந்தன. ஏட்டில் 'போஸ்ட்போன்' என்று எழுதுபவர் பேச்சில் 'புட் ஆஃப்' என்பார். 'எக்ஸ்டிங்குவிஷ்' என்பது தீயணைப்புக் கருவியின்மேல் இருக்கும். தீயை அணைக்கச் சொல்பவர் 'புட் அவுட்' என்பார். 'டாலரேட்' என்பதைப் பொதுமக்கள் 'புட் அப் வித்' என்பர். ஆங்கிலேயப் பிள்ளை முதலில் கற்பது பேச்சு வினையை. நம் பிள்ளையோ நூலில் உள்ள நீண்ட சொல்லை எளிதென்றும், பேச்சில் உள்ள குறுஞ்சொல்லைக் கடிதென்றும் காண்கிறது.

1930இல் சி. கே. ஆக்டன் என்னும் அறிஞர், 850 சொற்களைக் கொண்டே எதையும் சொல்லக்கூடிய 'அடிப்படை ஆங்கிலம்' ஒன்றை வகுத்தார். அதில் வினைகள் 18 மட்டுமே. இத்துணைக் குறைந்த வினைகளைக் கொண்டு எங்ஙனம் பேசுவது? 'புட்', 'கெட்', 'கிவ்', 'டேக்' முதலியவற்றோடு சிறு சொற்களைச் சேர்த்தே பேச வேண்டும். சொற்கள் குறைந்தன, சேர்க்கைகள் பெருகின. சொல்லை எண்ணுவது வேறு, பொருளை எண்ணுவது வேறு என்பதற்கு இது நல்ல சான்று.

பிறமொழிகளில்

சேர்க்கையால் பொருள் திரிவது உலகில் பல மொழிகளுக்கு இயல்பு. வடமொழியில் 'ஹ்ரு' என்னும் ஒரே வேரோடு வெவ்வேறு முன்னொட்டுகள் சேர்ந்து ஆஹாரம், விஹாரம், சம்ஹாரம், பரிஹாரம் எனத் தொடர்பற்ற பொருள்களைத் தருகின்றன. அரபு மொழியில் 'தஹப' என்றால் சென்றான். 'பி' என்னும் சிறு சொல் சேர்ந்தால் கொண்டு சென்றான் என்றாகும். 'ரகிப' என்னும் வினையோடு 'ஃபீ' சேர்ந்தால் விரும்பினான். 'அன்' சேர்ந்தால் விரும்பாது விலகினான். நேர் எதிர்ப்பொருள்! ஆகவே அரபு மொழியாருக்கு 'லுக் ஃபார்', 'லுக் ஆஃப்டர்' போன்றவை பெரிதும் வியப்பளிப்பதில்லை. எனினும் அரபு மொழியில் இத்தகைய சிறு சொல் தனக்குப் பின் ஒரு பெயரை வேண்டி நிற்கும். விமானம் 'டேக் ஆஃப்' செய்தது என்னுமிடத்தில், 'ஆஃப்' என்பதன் பின் ஒன்றுமே இல்லாமை கண்டு அவர்கள் தடுமாறுவர்.

மலாய் மொழியில் 'மாக்கான்' என்றால் உண். 'மாக்கான் அங்கின்' என்பது காற்றை உண்ணுதல் அன்று, உலாப் போதல். 'மாக்கான் காஜி' என்பது சம்பளத்துக்கு வேலை செய்தல். பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், நிபோங் திபால் வட்டாரத்துப் பைராம் தோட்டம் போன்ற இடங்களில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு இவை நாள்தோறும் காதில் விழுவன. அங்கே எவரும் சொல்லுக்குச் சொல் பொருள் தேடி மயங்குவதில்லை. முழுமையாகக் கேட்டு முழுமையாகவே அறிகின்றனர்.

தமிழில் உள்ள திறவுகோல்

பிறமொழி இருக்கட்டும், நம் தமிழையே நோக்குவோம். 'சொல்லிக்கொடு' என்றால் கற்பி. 'சொல்லிக்கொள்' என்றால் விடைபெறு. 'சொல்லிக்காட்டு' என்றால் செய்த உதவியையோ பிழையையோ எடுத்துக் கூறிக் குத்து. 'சொல்லிப்பார்' என்றால் இணங்குகிறானா என முயன்று பார். முதல் வினை ஒன்றே. பின்வரும் கொடு, கொள், காட்டு, பார் என்பவை தம் சொந்தப் பொருளை இழந்து புதுப்பொருள் படைக்கின்றன. தமிழ் கற்கும் ஆங்கிலேயர் இவ்விடத்தில் படும் பாடுதான், 'கிவ் அப்' என்னுமிடத்தில் நாம் படும் பாடு.

சிலவிடங்களில் இரு மொழியும் ஏறக்குறைய ஒரே வழியில் நடக்கின்றன. 'லுக் ஆஃப்டர்' என்பதற்குப் 'பார்த்துக்கொள்' என்பதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. இரண்டிலும் வினை பார்த்தலே. 'புட் ஆஃப்' என்பது 'தள்ளிப்போடு'; இரண்டிலும் போடுதல் உண்டு. 'ஃபைண்ட் அவுட்' என்பது 'கண்டுபிடி'. 'ரைட் டவுன்' என்பது 'எழுதிக்கொள்'. 'ஈட் அப்' என்பது 'தின்று தீர்'. இங்கே 'அப்' மேலே என்னும் பொருளில் வரவில்லை. செயல் முற்றும் முடிந்ததைக் காட்டுகிறது. நம் 'தீர்', 'விடு' என்னும் துணைவினைகள் செய்யும் தொழிலை அது செய்கிறது. 'கேரி ஆன்' என்பதிலுள்ள 'ஆன்', 'செய்துகொண்டே இரு' என்பதிலுள்ள தொடர்ச்சியைத் தருகிறது.

எல்லாச் சேர்க்கைக்கும் இங்ஙனம் நேரான தமிழ் கிடைக்கும் என்று கருதலாகாது. ஆயினும் இரு சொல் சேர்ந்து ஒரு வினையாகும் என்னும் உணர்வு தமிழ்ப் பிள்ளைக்கு வீட்டிலேயே வந்துவிடுகிறது. அதை எழுப்பிவிட்டு ஆங்கிலத்துக்குச் செல்வதே முறை.

மலேசிய வழக்கில் இன்னொரு சான்று உண்டு. மின்விசிறியை நிறுத்தத் தமிழர் 'ஆஃப் பண்ணு' என்பர். இந்நாட்டு ஆங்கிலப் பேச்சிலும் 'ஆஃப் த லைட்' என்பது இயல்பாகக் கேட்கிறது. வினையை விட்டுவிட்டுச் சிறு சொல்லையே வினையாக்கிவிட்டனர்! எழுத்தில் இது பிழையே. 'ஸ்விட்ச் ஆஃப்' அல்லது 'டர்ன் ஆஃப்' என்றே எழுத வேண்டும். ஆனால் பொருளின் உயிர் எச்சொல்லில் உள்ளது என்பதை மக்களின் காது சரியாகவே பிடித்திருக்கிறது. ஆசிரியர் இப்பிழையைக் கண்டித்து நிறுத்துவதோடு அமையாமல், அதிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம்.

இடம் மாறும் சொல்

பொருள் விளங்கிய பின் சொல்லை நிறுத்தும் இடம் பற்றிய விதி ஒன்றும் கற்பிக்கத்தக்கது. 'டர்ன் ஆஃப் த லைட்' என்பதும் சரி, 'டர்ன் த லைட் ஆஃப்' என்பதும் சரி. ஆனால் விளக்கு என்னும் பெயருக்குப் பதிலாக 'இட்' என்னும் சுட்டுப்பெயர் வந்தால், அது நடுவில்தான் நிற்கும்: 'டர்ன் இட் ஆஃப்'. 'டர்ன் ஆஃப் இட்' என்பது வழு. இதற்கு மாறாக 'லுக் ஆஃப்டர்' பிரியாத வகை. 'லுக் ஆஃப்டர் ஹிம்' என்றே சொல்ல வேண்டும்; 'ஹிம்' நடுவில் புகாது. ஆகவே புதிய வினை ஒன்றைக் குறித்துக்கொள்ளும்போதே, 'இட்' அல்லது 'ஹிம்' சேர்ந்த ஒரு வாக்கியத்தையும் உடன் எழுதிக்கொள்வது நலம்.

கடிதத்தில் வரும்போது

இவையெல்லாம் தேர்வுத்தாளோடு முடிந்துவிடுவன அல்ல. தோட்டத்துக் குடும்பங்கள் பலவற்றில் ஆங்கிலக் கடிதம் வந்தால், படித்துச் சொல்லும் பொறுப்பு பிள்ளையினுடையது. நேர்முகத் தேர்வு 'புட் ஆஃப்' செய்யப்பட்டது என்றால் நாள் தள்ளிவைக்கப்பட்டது. 'கால் ஆஃப்' செய்யப்பட்டது என்றால் நடைபெறவே போவதில்லை. விண்ணப்பம் 'டர்ன் டவுன்' ஆயிற்று என்றால் மறுக்கப்பட்டது. திங்கட்கிழமை 'டர்ன் அப்' ஆகுக என்றால் நேரில் வருக. தொழிற்சங்கம் வேலைநிறுத்தத்துக்குக் 'கால் ஃபார்' செய்தது என்பதற்கும், அதைக் 'கால் ஆஃப்' செய்தது என்பதற்கும் ஒரு சிறு சொல்லே வேறுபாடு, செய்தியோ நேர்மாறு.

'லே ஆஃப்' என்னும் வினை இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. அமெரிக்க வழக்கில் இன்று இது பெரும்பாலும் வேலையிலிருந்து நீக்குவதையே குறிக்கும். தீபகற்ப மலேசியாவின் 1980ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு விதிகளோ, வேலை முடிவையும் 'லே ஆஃப்' என்பதையும் வேறு வேறாகவே வைத்துள்ளன. தொடர்ந்த நான்கு வாரங்களில் வழக்கமான வேலைநாள் 12க்குக் குறையாமல் வேலையும் தராது, அக்காலத்துக்கு ஊதியமும் இல்லையெனில், அவ்விதிகளின்படி அது 'லே ஆஃப்' எனக் கொள்ளப்படும். வேலை போய்விட்டது என்று ஒருவர் இச்சொல்லைத் தவறாக உணர்ந்தால், தமக்குரிய பயனைக் கேளாமலேயே வெளியேறிவிடக்கூடும்.

கற்பிக்கும் முறை

'புட்' என்னும் ஒரு வினையை எடுத்துக்கொண்டு, அதன் இருபது சேர்க்கைகளையும் ஒரே நாளில் மனப்பாடம் செய்விப்பது பழைய வழக்கம். அது குழப்பத்தையே வளர்க்கும். ஒரே சாயலுடைய இருபது பேரை ஒரே வேளையில் அறிமுகம் செய்தால் எவர் பெயர்தான் நினைவில் நிற்கும்? சூழல் நோக்கித் தொகுப்பதே சிறந்தது. காலையில் 'வேக் அப்' விழித்தல். 'கெட் அப்' எழுந்திருத்தல். 'புட் ஆன்' உடுத்தல். வகுப்பில் 'சிட் டவுன்' உட்காருதல்; 'ஹேண்ட் இன்' ஏட்டை ஒப்படைத்தல். அலுவலகத்தில் 'ஃபில் இன்' படிவத்தை நிரப்புதல். நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு போதும். ஒவ்வொன்றுக்கும் முதலில் தமிழ்க் கூட்டுவினையைப் பிள்ளைகளிடமிருந்தே வரவழைத்து, பின்னர் ஆங்கில வாக்கியத்தில் பழக்க வேண்டும். 'அப்' என்றால் மேலே என்று தனியே பிரித்துப் பொருள் சொல்வது, செயல் வெளிப்படையாக நிகழும் 'ஸ்டாண்ட் அப்' போன்றவற்றுக்கு மட்டும் பொருந்தும்.

ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே கற்பிக்க வேண்டும், தமிழ் இடையே வந்தால் கெடுதி என்பாரும் உளர். சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்கும் தமிழ் கெடுதி செய்யும் என்பது மெய்யே. ஆனால் 'பார்த்துக்கொள்' என்னும் சொல்லைப் பொருளுணர்ந்து ஆளும் பிள்ளை, 'லுக் ஆஃப்டர்' என்பதைப் பாதி கற்றுவிட்டது. மீதிப் பாதியைக் கற்பிப்பதே ஆசிரியர் கடன்.