வன்னித் தெருக்களில் வாகனங்கள் – 9: கிளச் மிதிக்கு மேலே ஒரு சிறு சுவிச்

சென்ற இதழிலே பற்றரி முனைகளில் பூக்கும் பச்சைக் களிம்பைப் பற்றியும், அதனால் மாரிகாலத்து விடியற்பொழுதுகளில் வண்டிகள் முக்கி முனகி நின்றுவிடுவதைப் பற்றியும் எழுதியிருந்தேன். இவ்வாரம் எடுத்துக்கொள்ளும் வியாதி அதற்கு நேர்மாறான குணமுடையது. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க இறங்கிய ஓட்டுநர் திரும்பிவந்து திறப்பைத் திருப்புகிறார். முன்விளக்குகள் பிரகாசமாக எரிகின்றன, ஹோர்ண் உரத்து ஒலிக்கிறது, ஆயினும் இயந்திரத்தின் பக்கமிருந்து முனகலும் இல்லை, ‘டிக்’ என்ற சிற்றோசைகூட இல்லை. வண்டி பூரண மௌனம் சாதிக்கிறது. இந்த மௌனத்தைக் கண்டவுடனேயே ஸ்ராட்டர் மோட்டர் பழுதாகிவிட்டதெனத் தீர்மானித்து, வண்டிக்கு அடியில் படுத்து அதைக் கழற்றி, வவுனியாவுக்கு அனுப்பிக் காபனை மாற்றுவித்து, மறுபடி கொண்டுவந்து பூட்டிய பின்னும் அதே மௌனம் நிலவக் கண்டு மனம் சோர்ந்தவர்கள் நம்மிடையே அநேகர். ஸ்ராட்டரின் மீது கை வைப்பதற்கு முன்னர், கிளச் மிதியின் கைக்கு எதிரே பெருவிரல் பருமனில் ஒளிந்திருக்கும் ஒரு சுவிச்சை விசாரித்தறியுங்கள் என்று அவர்களுக்கு வற்புறுத்திச் சொல்லவே இக்கட்டுரை.

அச்சுவிச்சின் தொழில் மிக எளியது. ஓட்டுநர் கிளச்சை முழுமையாக மிதிக்கும்போது மிதியின் கை சுவிச்சின் தண்டை அழுத்துகிறது. உள்ளேயுள்ள இரு தகடுகள் ஒன்றையொன்று தொடுகின்றன. திறப்பிலிருந்து புறப்பட்ட சிறிய மின்னோட்டம் அவற்றின் வழியே சென்று றிலேயை எழுப்புகிறது. றிலே ஸ்ராட்டரின் முதுகிலிருக்கும் சொலனோயிட்டை எழுப்ப, அதன் பின்னரே பற்றரியின் நூறு அம்பியருக்கு மேற்பட்ட பெருமின்னோட்டம் மோட்டருக்குள் பாய்கிறது. மிதிக்காவிட்டால் இந்தச் சங்கிலி முதற்கண்ணியிலேயே அறுபட்டு நிற்கும். கியரில் விடப்பட்ட வண்டியை எவரேனும் கவனமின்றி ஸ்ராட் செய்ய, அது முன்னே பாய்ந்து எதிரில் நிற்பவரை மோதிவிடாதிருக்கும் பொருட்டே இந்த ஏற்பாடு. சில புதிய வண்டிகளில் அதே மிதிக்கு இரண்டாவது சுவிச் ஒன்றும் உண்டு. மிதி மேலே நிற்கும்போது அழுத்தப்பட்டிருக்கும் அது, கிளச் மிதிக்கப்பட்டதா இல்லையா என்பதை இயந்திரத்தை நிர்வகிக்கும் கணினிக்கு அறிவிப்பது. அது கெட்டாலும் பெரும்பாலும் வண்டி ஸ்ராட் ஆகும். ஆகவே, மௌனத்துக்குக் காரணம் தேடுபவர், மிதியைக் கீழே அழுத்தும்போது தொடப்படும் சுவிச் எது என்பதை முதலில் கண்ணால் பார்த்து நிச்சயித்துக்கொள்ள வேண்டும்.

நம் பிரதேசத்து மூத்த மெக்கானிக்குகளிற் பலர் இதனைப் பொருட்படுத்தாதிருப்பதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அவர்கள் கைபழகிய மொரிஸ் மைனரிலும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜிலும் பழைய வில்லிஸ் ஜீப்பிலும் இப்படியொரு சுவிச் கிடையாது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்திலே, எரிபொருளும் பற்றரியும் உதிரிப்பாகங்களும் வன்னிக்குள் வரத் தடைப்பட்டிருந்தபோது, சில துளி பெற்றோலைக் கொடுத்து இயந்திரத்தை உயிர்ப்பித்துப் பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிட்டவர்கள் அவர்கள். பற்றரியே இல்லாத வண்டியை நாலுபேரைக் கொண்டு தள்ளி எழுப்பி நோயாளரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தவர்கள். அந்தச் சாமர்த்தியத்துக்கு நான் மனப்பூர்வமாகத் தலைவணங்குகிறேன். எனினும், வழியில் எது தடுக்கிறதோ அதை வெட்டிவிட்டு இரண்டு வயரையும் நேரே முறுக்கு என்னும் அக்காலத்துப் பழக்கம், 2002இல் A9 வீதி திறந்த பின்னரும், 2009இல் யுத்தம் முடிந்த பின்னரும், நமது கராச்சுகளை விட்டு அகலவில்லை. இதனோடு, 2020ஆம் ஆண்டு பங்குனியில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 மாசியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டதையும் சேர்த்து நினைக்கவேண்டும். ஓய்வுபெற வேண்டிய வயதை எட்டிய டபிள் கெப்புகளே இன்றும் கிரவல் தெருக்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் இரும்பு தாங்கினாலும், பிளாஸ்ரிக் பாகங்கள் நம்முடைய வெயிலை அத்தனை காலம் தாங்குவதில்லை.

பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் A35 வீதியோரத்துக் கராச் ஒன்றிலே நான் கண்ட பரிசோதனையை விபரமாகச் சொல்வது பிரயோசனமாயிருக்கும். கண்ணிவெடி அகற்றும் பணியாளரை முகமாலைப் பக்கம் ஏற்றியிறக்கும் நாற்சக்கர இழுவை வண்டியொன்றை உழவு இயந்திரத்திற் கட்டி இழுத்து வந்திருந்தார்கள்.

“அண்ணை, ஸ்ராட்டர் போட்டுது போல கிடக்கு” என்றான் ஓட்டிவந்த இளைஞன்.

“ஸ்ராட்டரை விடு தம்பி. முதல்ல உன்ர காலுக்குக் கீழ கிடக்கிற விரிப்பைத் தூக்கு” என்றார் மெக்கானிக்.

தடித்த றப்பர் விரிப்பு சுருண்டு மிதிக்கு அடியில் சிக்கினாலே மிதி முழுத்தூரம் இறங்காமல் சுவிச் தொடப்படாது போகும் என்பது அவர் விரிப்பைத் தூக்கச் சொன்னதற்கு முதற்காரணம். ஆனால் அன்று விரிப்பின் கீழே செம்மண் தூசியோடு கலந்து கிடந்தவை, நகத்துண்டு அளவான, பழுத்து மஞ்சளித்த பிளாஸ்ரிக் நொறுங்கல்கள். அவர் அவற்றைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு மிதியின் அடியில் மல்லாந்து தலையை நுழைத்தார். மிதியின் கையிலே சுவிச்சுக்கு நேரெதிராக, சிறுவிரல் நுழையாத அளவில் ஒரு வட்டத் துவாரம் இருந்தது. அந்தத் துவாரத்தை மூடியிருந்த பிளாஸ்ரிக் பொத்தானே உதிர்ந்து காலடியில் கிடந்தது. பொத்தான் போனபின் மிதி எவ்வளவு ஆழம் இறங்கினாலும் சுவிச்சின் தண்டு துவாரத்துக்குள் புகுந்துகொள்கிறது, தண்டு அழுத்தப்படுவதில்லை, சுவிச்சோ சற்றும் பழுதின்றி அப்படியே இருக்கிறது. விரலால் தண்டை உள்ளே தள்ளிப் பிடித்துக்கொண்டு, “இப்ப திருப்பு” என்றார். கியர் நியூற்றலில் இருக்கிறதென்பதை அதற்கு முன்பே தன் கையால் அசைத்துப் பார்த்திருந்தார். வண்டி உடனே ஸ்ராட் ஆயிற்று. ஆறு மில்லிமீற்றர் போல்ற் ஒன்றைத் தட்டையான தலை சுவிச்சை நோக்கும்படி அந்தத் துவாரத்தில் நுழைத்து, பின்னால் வொஷரும் நட்டும் இட்டு இறுக்கினார். காசாகப் பெறுமதியில்லாத அந்த வேலைக்கு அவர் எடுத்துக்கொண்ட நிதானமே எனக்கு வியப்பளித்தது.

பொத்தான் இருந்தும் மௌனம் நீங்காவிடில் மின்சாரத்தைப் பின்தொடர்ந்து செல்லவேண்டும். பியூஸைப் பார்ப்பது ஒரு நிமிஷ வேலை. பிறகு, மின்மானி கிடையாதவர்கள் 12 வோல்ற் பல்பு ஒன்றுக்கு இரண்டு வயர்களைப் பிடித்து வைத்துக்கொண்டாலே போதும். சுவிச்சின் இணைப்பை விலக்கி, பல்பின் ஒரு வயரை வண்டியின் உடம்பிலும் மற்றதை இணைப்பின் இரு முனைகளிலும் மாறிமாறி வைத்து, உதவிக்கு நிற்பவரைத் திறப்பை ஸ்ராட் நிலைக்குத் திருப்பச் சொன்னால், திறப்பிலிருந்து வரும் முனையில் பல்பு எரியவேண்டும். எரியாவிட்டால் குற்றம் சுவிச்சுக்கு முன்னால். திறப்பின் கூட்டிலோ வயரிலோ அதைத் தேடலாம். எரிந்தால், இணைப்பை மீண்டும் பூட்டி, மிதியை முழுதாக அமுக்கிக்கொண்டு மறுமுனையைப் பாருங்கள். அங்கே மங்கலாகவோ எரியாமலோ இருக்குமானால் குற்றவாளி சுவிச்தான் என்பதில் சந்தேகமில்லை. மின்மானி உள்ளவர்கள், கழற்றிய சுவிச்சின் இரு முனைகளுக்கிடையே தடையை அளந்தால், தண்டை அழுத்தும்போது ஏறத்தாழப் பூச்சியமும், விடும்போது முடிவிலியும் காட்டும். அழுத்தியபோது எண் நிலைகொள்ளாமல் தாவினால் தகடுகள் அரிக்கப்பட்டுவிட்டன என்று கொள்ளலாம். குளங்கள் வான் பாயும் மாரியில் தாம்போதிகளைக் கடந்து, காலடிவரை நீரேறிய வண்டிகளிலும், கோடை முழுதும் கிரவல் தூசி குடித்த வண்டிகளிலும் இவ்வரிப்பு விசேஷமாகக் காணப்படும். மின்தொடுகைகளைத் துப்புரவாக்கும் தெளிப்பானால் சில சமயம் குணமாகும். டீசலும் கிறீஸும் வேண்டாம், அவை தூசியை இன்னும் சேர்க்கும். றிலே இல்லாத பழைய அமைப்புக்களில் சொலனோயிட்டின் மின்னோட்டம் முழுவதையும் இச்சுவிச்சே சுமப்பதால் தகடுகள் கருகும். கருகியதைத் தேய்த்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

சுவிச்சின் உடலில் மரை வெட்டியிருக்குமானால், பூட்டு நட்டைத் தளர்த்தி அதை முன்பின்னாகத் திருகி இடத்தைச் சரிப்படுத்தலாம். மிதி முழுதாக இறங்கியபோது தண்டு இறுதிவரை நசுங்காமல் ஓரிரு மில்லிமீற்றர் மிச்சமிருக்கும்படி வைப்பது நலம். மிக நெருக்கி வைத்தால் ஓட்டுநரின் கால்பலம் முழுவதும் சுவிச்சின் மேல் இறங்கி அதை உடைத்துவிடும்.

இனி, வயரை நேரே முறுக்கிவிடும் விஷயம். ஒட்டுசுட்டான் காட்டுக்குள்ளோ முல்லைத்தீவு மணலிலோ பொழுதுபடும் நேரத்தில் வண்டி நின்று, தள்ளுவதற்கும் ஆளில்லையென்றால், இணைப்பின் இரு முனைகளையும் ஒரு துண்டு வயரால் சேர்த்து வீடு வந்து சேர்வதை நான் குறை சொல்லமாட்டேன். ஆற்றுக்குள் இயந்திரம் நின்றுபோனால் முதற்கியரில் ஸ்ராட்டரின் பலத்தாலேயே ஊர்ந்து கரையேறும் பொருட்டு, ரொயோட்டா நிறுவனம் தன் நாற்சக்கர இழுவை வண்டிகள் சிலவற்றில் இச்சுவிச்சை விலக்கிவைக்கும் விசையொன்றையும் அமைத்திருந்தது. ஆனால் அது ஓட்டுநர் அறிந்தே அமுக்கும் விசை. முறுக்கி நாடா சுற்றிவிட்ட வயரோ எவர் கண்ணிலும் படாதது. ஹாண்ட் பிறேக் தேய்ந்த வண்டியைக் கியரில் விட்டு நிறுத்துவது நம்முடைய வழக்கம். அத்தகைய வண்டியில், முன்மூடியைத் திறந்து தந்தை தண்ணீர் பார்த்துக்கொண்டிருக்க, ஆசனத்தில் ஏறிய பிள்ளை திறப்பைத் திருப்பினால் விளைவது என்னவென்று நினைக்கவே என் நெஞ்சு பதறுகிறது.

இதை இவ்வளவு வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கண்ணிவெடி அகற்றும் இடங்களில் காயமுற்றவரை ஏற்றிச்செல்லும் வாகனமொன்று வேலை நடக்கும் நேரமெல்லாம் ஆயத்தமாக நிற்கவேண்டும் என்பது சர்வதேச நியமம். 2028ஆம் ஆண்டுக்குள் நாட்டைக் கண்ணிவெடியற்றதாக்கும் இலக்கோடு நம் பிள்ளைகள் முகமாலையிலும் பிற இடங்களிலும் முழங்காலில் நின்று மண்ணைத் துருவிக்கொண்டிருக்க, அவர்களுக்காக நிற்கும் வண்டி ஒரு பிளாஸ்ரிக் பொத்தானின் பொருட்டு மௌனம் சாதிக்குமாயின் அதை மன்னிக்க இயலாது. தினமும் காலையில் எண்ணெயும் தண்ணீரும் பார்க்கும் ஓட்டுநர், அதே கையோடு மிதியின் அடியிலும் ஒருமுறை விளக்கைக் காட்டிப் பார்க்கட்டும்.

பழுது நீக்கி, முன்பு முறுக்கியிருந்த வயரையும் கழற்றியபின் செய்யவேண்டிய பரீட்சை இது: வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹாண்ட் பிறேக்கை இழுத்து, கியரை நியூற்றலில் வைத்து, கிளச்சை மிதிக்காமல் திறப்பைத் திருப்புங்கள், ஸ்ராட்டர் அசையக்கூடாது. பின்னர் மிதியை மெல்ல இறக்கிக்கொண்டே திருப்புங்கள். மிதி ஏறக்குறைய அடிமட்டத்தை அணுகும்போது அது சுழலவேண்டும். இரண்டும் சரியாக நடந்தால் கழற்றிய வயரை எறிந்துவிடலாம். சுவிச்சின் மறுமுனையிலும் பல்பு நன்றாக எரிந்து, அப்போதும் ஸ்ராட்டர் அசையாதிருந்தால், குற்றம் றிலேயிலோ அதற்கு அப்பாலோ இருக்கிறது. றிலேயைப் பரிசோதிக்கும் விதத்தை அடுத்த இதழிலே எழுதுகிறேன்.